‘குறை சொல்லேலாது’ என்றால் திருப்தி என்று அர்த்தமா?

வன்னியில், வைத்தியசாலையில் சில நாட்கள் இருந்துவிட்டு வீடு திரும்பிய ஒருவரிடம் தாதியர் எப்படிக் கவனித்தார்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: “குறை சொல்லேலாது.” கொஞ்ச நேரம் பொறுத்திருந்தால் மிச்சம் வரும். இரவில் கூப்பிட்டபோது யாரும் வரவில்லை. என்ன ஊசி, எதற்குப் போடுகிறார்கள் என்று யாரும் சொல்லவில்லை. மலசலகூடத்துக்குக் கூட்டிப் போனது பக்கத்துக் கட்டில்காரரின் மகள். இவ்வளவையும் சொல்லிவிட்டு, “அதுகளும் பாவங்கள், எத்தினை பேரைப் பாக்கிறது” என்று முடிப்பார்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் சுகாதார விடயங்களைப் பற்றி எழுதுவதற்காக ஆட்களைச் சந்திக்கும்போதெல்லாம் இந்தப் பதிலை நான் கேட்டிருக்கிறேன்.

இதை ஒரு வினாக்கொத்தில் எப்படிப் பதிவது? ‘திருப்தி’ என்ற கட்டத்துக்குள் ஒரு புள்ளடி விழும். அவ்வளவுதான். இரவு வராதவரும், சொல்லாமல் போட்ட ஊசியும், பக்கத்துக் கட்டில் மகளும் அந்தக் கட்டத்துக்கு வெளியே நின்றுவிடுவார்கள்.

நோயாளர் தாதியரிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள், அதில் எவ்வளவு கிடைக்கிறது என்று அளப்பது உலகெங்கும் ஒரு துறையாகவே வளர்ந்திருக்கிறது. தாதியியல் மாணவர்களின் ஆய்வுகளிலும் வைத்தியசாலைகளின் தர மேம்பாட்டு வேலைகளிலும் இங்கேயும் அது நடக்கிறது. நல்ல விடயம்தான். நோயாளரிடம் கேட்காமலே சேவையின் தரத்தைத் தீர்மானித்த காலத்தைவிட இது மேல். ஆனால் யுத்தம் நடந்த நிலத்தில் ‘எதிர்பார்ப்பு’ என்பதை எப்படி அளக்கிறோம் என்பதில் கவனமில்லாவிட்டால், மோசமான சேவைக்கு நாங்களே நற்சான்றிதழ் எழுதிக் கொடுத்தவர்களாகிவிடுவோம்.

வங்கியில் பிறந்த அளவுகோல்

இத்தகைய ஆய்வுகளில் அதிகம் பயன்படும் கருவிகளில் ஒன்று ‘சேர்வ்குவால்’. பரசுராமன், ஸைதமல், பெரி என்ற மூன்று சந்தைப்படுத்தல் ஆய்வாளர்கள் அமெரிக்காவில் 1988இல் வெளியிட்டது. வங்கி, கடனட்டை, பொருட்களைத் திருத்திக் கொடுக்கும் சேவை போன்றவற்றின் வாடிக்கையாளர்களை வைத்து உருவாக்கப்பட்டது. பின்னர் வைத்தியசாலைகளுக்கும் எடுத்துவரப்பட்டது.

அதன் முறை எளிமையானது. 22 கூற்றுகள் இருக்கும். கட்டடமும் உபகரணங்களும் எப்படி, சொன்னதைச் சொன்னபடி செய்கிறார்களா, கூப்பிட்டால் வருகிறார்களா, அவர்களில் நம்பிக்கை வருகிறதா, உங்களைத் தனி மனிதராகக் கவனிக்கிறார்களா என்ற ஐந்து வகைக்குள் அவை அடங்கும். ஒவ்வொரு கூற்றுக்கும் இரண்டு தடவை புள்ளி போடவேண்டும். நீங்கள் எதிர்பார்த்தது எவ்வளவு? உங்களுக்குக் கிடைத்தது எவ்வளவு? இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் வருவதுதான் சேவையின் தரம்.

இந்தக் கழித்தலில்தான் சிக்கல். ஒரு பெரிய நகரத்தின் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் 7க்கு 7 எதிர்பார்த்து, 5 கிடைத்ததாகச் சொன்னால் விடை மறை 2. முல்லைத்தீவின் ஒரு கரையோரக் கிராமத்திலிருந்து வந்த தாய் 3 எதிர்பார்த்து, 4 கிடைத்ததாகச் சொன்னால் விடை நேர் 1. கணக்கின்படி அந்தத் தாய்க்குக் கிடைத்த பராமரிப்பே சிறந்தது. உண்மையில் அவருக்குக் கிடைத்தது குறைவு. அவர் எதிர்பார்த்தது அதைவிடக் குறைவு.

இந்த முறைக்கு ஆரம்பத்திலேயே எதிர்ப்பு வந்தது. 1992இல் குரோனின், டெய்லர் என்ற இருவர், எதிர்பார்ப்பை விட்டுவிட்டுக் கிடைத்ததை மட்டும் கேட்டாலே போதும் என்று வாதிட்டார்கள். ஆனால் கேள்வியை நீக்கினாலும் மனதிலிருக்கும் அளவுகோல் நீங்குவதில்லை. ‘நன்று’ என்ற சொல்லுக்கே ஒவ்வொருவரும் தாங்கள் முன்பு கண்டதை வைத்துத்தான் பொருள் கொள்கிறார்கள்.

அமர்த்தியா சென் இதைச் சுகாதாரத் துறையில் 2002இல் எடுத்துக் காட்டினார். இந்திய மாநிலங்களில் ஆயுட்காலம் உயர்ந்த கேரளத்தில்தான் ‘எனக்கு நோய் இருக்கிறது’ என்று சொல்வோரும் அதிகம். ஆயுட்காலமும் கல்வியும் மருத்துவ வசதியும் குறைந்த பீகாரில் அப்படிச் சொல்வோர் குறைவு. பீகார் மக்கள் ஆரோக்கியமாக இருக்கிறார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. எது நோய், எதற்கு வைத்தியம் கேட்கலாம் என்று அறிவதற்கே கல்வியும் வசதியும் வேண்டும். பழகிப்போன துன்பத்தை மனிதர்கள் துன்பம் என்று எண்ணுவதில்லை.

‘நடக்கும்’ என்பதும் ‘நடக்கவேண்டும்’ என்பதும்

எதிர்பார்ப்பு என்ற ஒரு சொல்லுக்குள் பல விடயங்கள் ஒளிந்திருக்கின்றன. தொம்சன், சுனொல் என்ற ஆய்வாளர்கள் 1995இல் அதை நான்காகப் பிரித்தார்கள். மனதார விரும்புவது ஒன்று. அனுபவத்தை வைத்து, இப்படித்தான் நடக்கும் என்று கணிப்பது இன்னொன்று. இப்படி நடக்கவேண்டும், அது எனக்குரியது என்று நினைப்பது மூன்றாவது. சொல்லத் தெரியாமலோ சொல்ல விரும்பாமலோ உள்ளே கிடப்பது நான்காவது.

எங்கள் சனத்திடம் ‘என்ன எதிர்பார்த்தீர்கள்’ என்று மொட்டையாகக் கேட்டால் இரண்டாவது வகைக்குத்தான் பதில் வருகிறது. “ஒரு கட்டில் கிடைச்சாக் காணும்” என்பது அவர்களின் கணிப்பு. தங்களுக்கு உரியது எது என்ற கேள்வி அவர்களிடம் கேட்கப்படுவதேயில்லை. ஆய்வு அறிக்கையிலோ இரண்டுக்கும் ஒரே பெயர்.

அந்தக் கணிப்பு எங்கிருந்து வந்தது என்பதை இந்தக் கட்டுரையை வாசிக்கும் பலருக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2009 பெப்ரவரி தொடக்கத்தில் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை ஒன்றுக்கு மேற்பட்ட தடவைகள் எறிகணை வீச்சுக்குள்ளானதைச் சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம் அப்போதே வெளிப்படையாகச் சொன்னது. பின்னர் புதுமாத்தளனில், முள்ளிவாய்க்காலில் என்று தற்காலிக இடங்களில் வைத்தியசாலை நடந்தது. மயக்க மருந்தும் இரத்தமும் போதாமல் சத்திரசிகிச்சை நடந்தது. காயப்பட்டவர்கள் நிலத்தில் கிடந்தார்கள். அந்த நிலத்திலும் சிலர் சேலைன் ஏற்றினார்கள், புண் கட்டினார்கள், பிரசவம் பார்த்தார்கள். செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பல் வந்த நாட்களில் யாரை ஏற்றுவது, யாரை விடுவது என்ற முடிவையும் அவர்களே எடுக்கவேண்டியிருந்தது.

அதற்கும் முன்னால், 1987 ஒக்டோபர் 21, 22ஆம் திகதிகளில் இந்திய அமைதிப்படை யாழ்ப்பாணம் வைத்தியசாலைக்குள் புகுந்து நடத்திய படுகொலையில் 60க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். நோயாளர்களோடு வைத்தியர்களும் தாதியரும் சிற்றூழியர்களும் செத்தார்கள்.

ஆகவே வெள்ளை உடையைக் கண்டால் எங்களுக்கு வரும் நன்றி வெறும் மரியாதைக்காகச் சொல்லப்படுவதல்ல. சாகக் கிடந்தபோது ஓடிப்போகாமல் நின்றவர்களுக்கு உரிய நன்றி அது. அதைக் குறைத்துப் பேச எனக்கு உரிமையில்லை. ஆனால் பங்கருக்குப் பக்கத்தில் பெற்ற பராமரிப்பை அளவுகோலாக வைத்தால், கூரையும் கட்டிலும் உள்ள எந்த விடுதியும் சொர்க்கமாகத்தான் தெரியும். முள்ளந்தண்டில் சன்னம் பட்டு இடுப்புக்குக் கீழ் இயங்காத ஒருவர் என்னிடம் சொன்னார்: “நாங்கள் அங்க கண்டதுக்கு இது பெரிய விசயம் தம்பி.” அப்போது அவருக்குப் படுக்கைப்புண் இருந்தது. விடுதியில் இருந்த நாட்களில்தான் அது வந்தது என்பதையும் அவரே சொன்னார். முறைப்பாடாக அல்ல, தகவலாக.

யாருடைய கடமை, யாருடைய பிழை

திருப்தி ஆய்வுகளில் ஏன் எங்கும் புள்ளிகள் உயர்வாகவே வருகின்றன என்ற கேள்வியைப் பிரித்தானியாவில் பிரையன் வில்லியம்ஸும் சகாக்களும் ஆராய்ந்து 1998இல் எழுதினார்கள். மனநல சேவையைப் பெற்றவர்களிடம் ஆற அமரப் பேசியபோது பல கசப்பான அனுபவங்கள் வெளிவந்தன. ஆனாலும் அதே ஆட்கள் ‘திருப்தி’ என்றுதான் குறித்திருந்தார்கள். காரணம் இரண்டு. ஒன்று, அதைச் செய்வது அவர்களின் கடமையில்லை என்று நோயாளர் நினைத்தார்கள். மற்றது, கடமைதான், ஆனால் செய்யாமல் விட்டது அவர்களின் பிழையில்லை என்று நினைத்தார்கள்.

“அதுகளும் பாவங்கள்” என்பது அந்த இரண்டாவது காரணத்தின் வன்னித் தமிழ். முதலாவது காரணம் எங்களிடம் இன்னும் ஆழமானது. குளிக்க வார்ப்பது, உணவு ஊட்டுவது, சட்டி வைத்து எடுப்பது, புரட்டிப் படுக்க வைப்பது, இரவில் விழித்திருப்பது, வெளியில் எழுதித் தந்த மருந்தை வாங்கி வருவது எல்லாம் வீட்டுக்காரரின் வேலை என்று நாங்கள் ஏற்றுக்கொண்டுவிட்டோம். எங்கள் விடுதிகளும் அதை நம்பித்தான் நடக்கின்றன. ‘துணைக்கு ஆர் நிக்கினம்?’ என்பது அனுமதிக்கும்போதே கேட்கப்படுகிற கேள்வி.

துணைக்கு யாருமே இல்லாதவர் என்ன செய்வார்? கணவனும் பிள்ளைகளும் ஒரே எறிகணையில் போன பெண்கள் இங்கே இருக்கிறார்கள். காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடித் தெருவோரக் கொட்டகைகளில் வருடக்கணக்காக இருந்து முதுமையடைந்த தாய்மார் இருக்கிறார்கள். எஞ்சிய ஒரே பிள்ளை கடல் கடந்து போய்விட்ட தகப்பன்மார் இருக்கிறார்கள். யுத்தம் ஆட்களை மட்டும் கொல்லவில்லை, நோயாளியின் கட்டிலருகில் நிற்கவேண்டியவர்களையும் இல்லாமலாக்கியது. இந்த ஆட்களுக்குத் தாதியரை விட்டால் வேறு யாரும் இல்லை. அசைய முடியாதவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிவிடவேண்டும் என்பது தாதியியலின் பால பாடம். அதை உறவினர் செய்வார் என்று விட்டுவிட்ட விடுதியில், உறவினர் இல்லாதவருக்குப் புண் வருகிறது. அவர் கூப்பிட வெட்கப்படுவார். பலதடவை கூப்பிட்டால் ஏச்சு விழும் என்று பயப்படுவார். மலசலகூடம் போகாமலிருக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்களைச் சந்தித்திருக்கிறேன். ‘தாதியர் உங்களைக் கனிவாக நடத்தினார்களா’ என்ற கேள்விக்கு அவர்கள் ‘ஆம்’ என்றுதான் சொல்வார்கள். பொய்யும் அல்ல. ஒன்றும் கேட்காதவரிடம் யாரும் கடிந்துகொள்வதில்லை.

மொழியும் இதில் அடங்கும். 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்றது. இருந்தும் பெரிய சிகிச்சைக்காகத் தெற்கின் வைத்தியசாலைகளுக்கு அனுப்பப்படும் எங்கள் நோயாளர்கள், தங்கள் வலி எந்த இடத்தில் என்று கையால் காட்டிவிட்டு வருகிறார்கள். தமிழில் விளக்கம் கிடைக்கும் என்று அவர்கள் கணிக்கவில்லை. கணிக்காததால் ஏமாற்றமும் இல்லை. கழித்தல் கணக்கில் அது பூச்சியம். அரசியலமைப்பில் அது உரிமை.

தாதியரின் பக்கம்

இவற்றையெல்லாம் தாதியருக்கு எதிரான குற்றப்பத்திரிகையாக வாசிக்கக்கூடாது. அளவீடு பிழையாக நடந்தால் முதலில் அடிபடுவது அவர்கள்தான். நோயாளரின் கண்ணுக்குத் தெரிகிற முகம் தாதியுடையது. வெற்றிடத்தை நிரப்பாத அமைச்சின் முகம் தெரிவதில்லை. இரவுக் கடமையில் ஒரு விடுதி முழுவதையும் மிகச் சிலர் பார்க்கவேண்டியிருந்தால், கூப்பிட்டதும் ஓடிவராதது குணத்தின் குறையா, கணக்கின் குறையா?

இதற்கு ஐரோப்பாவிலிருந்து ஒரு தெளிவான பதில் இருக்கிறது. லின்டா எய்க்கின் தலைமையில் 9 நாடுகளில், சத்திரசிகிச்சை பெற்ற 4 இலட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளரின் பதிவுகளை வைத்துச் செய்யப்பட்ட ஆய்வு 2014இல் லான்செட் சஞ்சிகையில் வெளிவந்தது. ஒரு தாதி கவனிக்கவேண்டிய நோயாளரின் எண்ணிக்கை ஒன்றால் கூடும்போது, நோயாளர் 30 நாட்களுக்குள் இறப்பதற்கான வாய்ப்பு 7 சதவீதத்தால் கூடியது. தாதியரின் எண்ணிக்கை உபசாரம் சம்பந்தப்பட்ட விடயமல்ல, உயிர் சம்பந்தப்பட்டது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு மருந்தும் குறைந்து, வைத்தியரும் தாதியரும் நாட்டை விட்டுப் போன இந்தக் காலத்தில், ஆளணியைக் கேட்காமல் அன்பை மட்டும் அளக்கும் ஆய்வு யாருக்கு உதவும்? எஞ்சி நிற்கிற தாதிக்குப் புன்னகை பற்றி ஒரு பயிற்சிப் பட்டறை வைக்க உதவும். அவ்வளவுதான்.

அமுங்கியது வெடிக்கும்போது

குறை சொல்லாத மக்கள் என்றைக்கும் சொல்லாமலே இருப்பதில்லை. 2024 ஜூலையில் சாவகச்சேரி ஆதார வைத்தியசாலையின் பதில் வைத்திய அத்தியட்சகராக இருந்த இராமநாதன் அர்ச்சுனா சமூக ஊடகத்தில் குற்றச்சாட்டுகளை முன்வைத்தபோது என்ன நடந்தது என்று எல்லோரும் பார்த்தோம். மக்கள் வைத்தியசாலை முன்னால் திரண்டார்கள். அதே வருடம் நவம்பரில் அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அவர் சொன்னவற்றில் எது சரி, எது பிழை என்பது இந்தக் கட்டுரையின் விடயமல்ல. அவரது அரசியலும் அல்ல. என் கவனம் வேறு. எந்த வினாக்கொத்திலும் ‘திருப்தி’ என்று புள்ளடி போடும் அதே சனம்தான் அன்று தெருவில் நின்றது. அவர்களிடம் எதிர்பார்ப்பு இல்லாமல் இல்லை. அதைப் பயமின்றிச் சொல்ல ஓர் இடம் இருக்கவில்லை. அமைதியாகச் சொல்ல வழி இல்லாதபோது ஆத்திரமாகச் சொல்ல ஒருவர் கிடைத்தால் போதும். அந்த ஆத்திரத்தில் நல்ல தாதியும் பொறுப்பற்றவரும் ஒன்றாகவே ஏச்சு வாங்குவார்கள்.

எப்படிக் கேட்பது

முதலாவது, திருப்தியைக் கேட்காமல் நடந்ததைக் கேட்கவேண்டும். அமெரிக்காவில் 2008 முதல் வைத்தியசாலை வாரியாகப் பகிரங்கமாக வெளியிடப்படும் நோயாளர் ஆய்வு, தாதியர் உங்களுக்கு விளங்கும்படி எத்தனை தடவை விளக்கினார்கள் என்று கேட்கிறது. ஒருபோதும் இல்லை, சிலவேளை, பெரும்பாலும், எப்போதும் என்பவையே பதில்கள். எங்களுக்கு இன்னும் நேரடியான கேள்விகள் வேண்டும். இரவு கூப்பிட்டபோது யார் வந்தது? ஊசி போடமுன் எதற்கு என்று சொன்னார்களா? எந்த மொழியில்? உங்களைப் புரட்டிப் படுக்க வைத்தது யார்? துணைக்கு ஆள் இருந்ததா? கடைசிக் கேள்வி மிக முக்கியம். துணை உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் கிடைத்த பராமரிப்பைப் பிரித்துப் பார்த்தால்தான் விடுதியின் உண்மையான நிலை தெரியும்.

இரண்டாவது, எல்லோருக்கும் ஒரே கதையைச் சொல்லி அளவுகோலைச் சரிபார்க்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2002ஆம் ஆண்டளவில் பல நாடுகளில் நடத்திய ஆய்வில் இந்த முறையைக் கையாண்டது. ‘ஒரு வயோதிபப் பெண் இரவில் மூன்று தடவை கூப்பிட்டார். விடிந்த பிறகே தாதி வந்தார். இது எப்படிப்பட்ட கவனிப்பு?’ என்பதுபோல ஒரு கற்பனைச் சம்பவத்தைச் சொல்லிப் புள்ளி போடச் சொல்வார்கள். இதையே ஒருவர் ‘நல்லது’ என்றால், தன் அனுபவத்துக்கு அவர் போடும் ‘நல்லது’க்கு என்ன எடை என்பது தெரிந்துவிடும்.

மூன்றாவது, யார், எங்கே கேட்பது என்பது. கட்டிலில் கிடக்கும்போது, அதே விடுதியின் சீருடையோடு ஒருவர் வந்து கேட்டால் யார் குறை சொல்வார்? நாளைக்கும் அதே கையிடம்தான் ஊசி போடவேண்டும். அடுத்த மாதம் அதே இடத்துக்குத்தான் கிளினிக் கொப்பியோடு போகவேண்டும். இராணுவமும் புலனாய்வாளரும் வீடு வீடாக விபரம் எடுத்த ஊர்களில் படிவத்தோடு வரும் எவரையும் சனம் சந்தேகத்தோடுதான் பார்க்கும். வீடு திரும்பிச் சில வாரங்களின் பின், பெயர் பதியாமல், வைத்தியசாலைக்கு வெளியேயுள்ளவர்கள், அந்த ஊர்ப் பேச்சில் கேட்கவேண்டும். தாதியியல் பட்டப்படிப்பு உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் ஊர் மட்டச் சங்கங்களும் சேர்ந்து செய்யக்கூடிய வேலை இது.

நான்காவது, முடிவுகளை வெளியிடவேண்டும். நோயாளர் சொன்னது ஒரு பத்தியில் இருந்தால், அந்த விடுதியில் இருக்கவேண்டிய தாதியர் எத்தனை, இருந்தவர் எத்தனை என்பது அதே பக்கத்தில் அடுத்த பத்தியில் இருக்கவேண்டும். அப்போதுதான் எது தாதியின் பிழை, எது திணைக்களத்தின் பிழை, எது கொழும்பின் பிழை என்று பிரித்துக் கேட்கலாம்.

இலவச வைத்தியம் என்ற சொல்லும் எங்களைக் கொஞ்சம் ஏமாற்றிவிட்டது. ‘சும்மா தாறதில குறை பிடிக்கலாமா’ என்று மூத்தவர்கள் கேட்கிறார்கள். சும்மா யாரும் தரவில்லை. 2024 ஜனவரியிலிருந்து பெறுமதி சேர் வரி 18 சதவீதம். கடையில் வாங்கும் எத்தனையோ பொருட்களில் அதை நாங்கள் கட்டுகிறோம். கணவனை இழந்து கூலிக்குப் போகும் பெண்ணும் கட்டுகிறார். விடுதியின் கட்டிலும் தாதியின் சம்பளமும் அதிலிருந்துதான் வருகின்றன. அவர் அங்கே பிச்சை வாங்கப் போகவில்லை.

எனவே அடுத்த தடவை யாராவது படிவத்தோடு வந்து ‘என்ன எதிர்பார்த்தீர்கள்’ என்று கேட்டால், எது கிடைக்கும் என்று நினைத்தேன் என்பதைச் சொல்லாமல், எது எனக்குக் கிடைத்திருக்கவேண்டும் என்பதைச் சொல்லுவோம். இரவில் கூப்பிட்டால் ஒருவர் வரவேண்டும். என்ன மருந்து என்று என் மொழியில் சொல்லவேண்டும். துணைக்கு ஆளில்லாவிட்டாலும் எனக்குப் புண் வரக்கூடாது. நன்றி சொல்லிக்கொண்டே இவற்றையும் கேட்கலாம். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவையல்ல.